கரடிக்கு நாடி பார்ப்பது

போன வைகாசியில் ஒரு நாள் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறினேன். கரியாலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் மலையாளிப் பெரியவர் ஒருவர் தம் பலாமரங்களைக் காட்டக் கூட்டிப்போனார். (மலையாளி என்றால் கேரளத்துக்காரர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுவார்கள், இந்த மலைப் பழங்குடியின் பெயரே அதுதான்.) ஒற்றையடிப் பாதை திரும்பும் இடத்தில் ஒரு கறையான் புற்று பாதி உடைந்து கிடந்தது. உடைந்த மண் இன்னும் காயவில்லை. உள்ளே கறையான்கள் வெளிச்சம் பட்டுப் பதறி ஓடிக்கொண்டிருந்தன. புற்றின் ஓரத்தில் நீளநீளமாக நகக் கீறல்கள். பெரியவர் கையை நீட்டி மறித்தார். "தம்பி, அப்படியே நில்லுங்க."

நின்றோம். ஒரு கிளை முறியும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் ரெண்டு தடவை பலமாகக் கனைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான் நடந்தது.

சாயங்காலம் வெள்ளிமலை டீக்கடையில் உட்கார்ந்து, கையில் கட்டியிருந்த கடிகாரத்தின் கணக்கைப் போனில் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் நின்ற அந்த ரெண்டு மூன்று நிமிடத்தில் அடிகளின் எண்ணிக்கை பூஜ்யம். நாடித்துடிப்பு 118. மூச்சிரைக்க மேடேறியபோது காட்டியதைவிட அதிகம். வெளியிலிருந்து என்னைப் பார்த்தவர் யாரும், 'ஆள் அமைதியாகத்தான் நிற்கிறான்' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

காட்டுக் கரடியின் இதயத்துடிப்பையும் நடமாட்டத்தையும் வருடக்கணக்கில் பதிவுசெய்கிறார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அதைப் படிக்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'கரடிக்கு எதுக்குய்யா ஈசிஜி?' என்பது. அதற்கான பதில் என் கடிகாரத்தின் அந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. உடம்பு நின்றிருக்கும்போது இதயம் ஓடினால் அந்த ஓட்டத்துக்குக் காரணம் தசை இல்லை. பயமோ பதற்றமோ வேறேதோ. இதயத்துடிப்பு மட்டும் தெரிந்தால் போதாது. புற்றைத் தோண்டினாலும் துடிப்பு ஏறும், மரமேறினாலும் ஏறும். நடமாட்டம் மட்டும் தெரிந்தாலும் போதாது. தூங்குகிற கரடியும் புதருக்குள் உறைந்துபோய் நிற்கிற கரடியும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் விலங்கு எப்போது உழைத்தது, எப்போது நடுங்கியது என்று பிரிக்க முடிகிறது.

கரடிக்குள் வைக்கும் கருவி நமக்குப் புதிதல்ல. என் மாமா ஒருவர் காரணமே தெரியாமல் அவ்வப்போது மயங்கி விழுவார். ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜி எல்லாம் சரியாகவே இருந்தது. மயக்கம் வருவதோ மாதத்துக்கு ஒருமுறை. கடைசியில் இடது மார்பில் தோலுக்கடியில் ஒரு சின்னப் பதிவுக்கருவியை வைத்து அனுப்பினார்கள். இது பேஸ்மேக்கர் இல்லை. இதயத்துக்கு மின்சாரம் எதுவும் கொடுக்காது, வயர் எதுவும் உள்ளே போகாது. துடிப்பைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. மெட்ரானிக் நிறுவனம் 2014-இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'ரிவீல் லிங்க்' என்ற மாதிரி நாலரை சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய இரண்டரை கிராம் எடை. பேட்டரி மூன்று வருடம் தாங்கும். அதற்கு முந்திய 'ரிவீல் எக்ஸ்டி' பென்டிரைவ் அளவுக்கு இருந்தது. கரடிக்குள் போனவை இவையேதான். கரடிக்கென்று தனியாகக் கருவி செய்யவில்லை.

கரடிக்குக் கருவி வைத்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில். அது தற்செயல் இல்லை. மெட்ரானிக் அந்த ஊர்க் கம்பெனி. 1949-இல் மினியாபொலிஸில் ஒரு கார் ஷெட்டில் தொடங்கியது. கரடிகளும் அந்த ஊர்க் கரடிகள். அமெரிக்கக் கருங்கரடிகளைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்த மாநில அரசின் ஆய்வாளர் டேவிட் கார்ஷெலிஸ், மெட்ரானிக்கின் டிமோதி லாஸ்கி, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பால் ஐய்சோ ஆகியோர் சேர்ந்து செய்த வேலை 2011-இல் வெளிவந்தது. கரடி குளிர்காலத்தில் குகைக்குள் உறங்கும்போது போய், மயக்க ஊசி போட்டு, தோலுக்கடியில் கருவியை வைத்துவிட்டு வருவார்கள். அடுத்த குளிர்காலம் அதே கரடியின் குகைக்குப் போய், மறுபடி மயக்கி, ஒரு வருடக் கணக்கை உருவிக்கொள்வார்கள். கழுத்துப்பட்டை தனி, கரடி எங்கே இருக்கிறது என்று சொல்வது அதுதான். மார்புக்குள் இருக்கும் கருவிக்கு இடம் தெரியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'கரடியின் இதயத்தில் ஜிபிஎஸ்' என்று எழுதிவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தக் கருவி ஒவ்வொரு துடிப்பையும் சேமித்து வைப்பதில்லை. அதற்கு இடம் போதாது. பகலின் சராசரி, இரவின் சராசரி, நாளில் எத்தனை நிமிடம் அசைந்தது, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று தினக்கணக்கு எழுதிவைக்கும். மிக வேகமாகவோ மிக மெதுவாகவோ அடிக்கும்போது மட்டும் அந்தத் துண்டை முழுதாகப் பிடித்து வைக்கும். மளிகைக்கடைப் பேரேட்டில் நாள்வரவு மொத்தமாக இருக்கும், பெரிய கடன் மட்டும் தனிவரியில் இருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

இடைவெளி மாறுவது என்பதை ஒருமுறை கையாலேயே பார்த்துவிடலாம். மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை மெல்ல இழுத்துப் பாருங்கள்; துடிப்பு கொஞ்சம் விரையும். மெல்ல விடுங்கள், தளரும். ஆரோக்கியமான, நிம்மதியான இதயம் கடிகாரம் மாதிரி அடிக்காது. பதற்றம் கூடினால் இந்த ஏற்ற இறக்கம் குறைந்து, துடிப்புகள் ஒரே அளவாக வரிசையில் நிற்கத் தொடங்கும். ஆகவே துடிப்பின் வேகம் மட்டுமல்ல, அதன் ஒழுங்கும் ஒரு சேதிதான். நம் நாடி வைத்தியர்கள் விரலின் கீழ் தேடியதும் எண்ணிக்கையை மட்டுமல்லவே.

குளிர்கால உறக்கத்தில் இருக்கும் கரடியிடம் இந்த ஏற்ற இறக்கம் நம்ப முடியாத அளவுக்குப் போகிறது. அலாஸ்காவில், ஊருக்குள் வந்து தொல்லை கொடுத்ததால் பிடிக்கப்பட்ட கருங்கரடிகளைச் செயற்கைக் குகைகளில் உறங்கவிட்டு ஓய்விண்ட் டோயன் குழுவினர் அளந்த கணக்கு 2011-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. நிமிடத்துக்கு 55 அடித்த இதயம் சில சமயம் 9-க்கு இறங்கியது. மூச்சு உள்ளே போகும்போது சில துடிப்புகள். அப்புறம் நீண்ட மௌனம். உடல் செலவழிக்கும் சக்தி வழக்கத்தில் கால் பங்குக்கு இறங்கினாலும் உடற்சூடு 30 டிகிரிக்குக் கீழே போகவில்லை. ஐந்து முதல் ஏழு மாதம் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. மனிதரின் மார்பில் இருந்தால் அந்தக் கருவி 'ஆபத்து, ஆபத்து' என்று குறித்துத் தள்ளும் மௌனங்கள் கரடிக்குச் சாதாரண மார்கழி இரவு.

இதயநோய் மருத்துவர்களுக்குக் கரடிமேல் ஆசை வந்ததும் இதனால்தான். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் நமக்குக் காலில் ரத்தம் உறையும், கரடிக்கு உறைவதில்லை. ஸ்வீடனின் பழுப்புக் கரடிகளின் ரத்தத்தைக் கோடையிலும் குளிரிலும் ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. ரத்தத் தட்டணுக்களில் ஹெச்எஸ்பி-47 என்ற ஒரு புரதம் உறக்க காலத்தில் 55-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. முதுகுத்தண்டு அடிபட்டு வருடக்கணக்கில் படுத்திருக்கும் மனிதர்களிடமும் இந்தப் புரதம் குறைந்தே காணப்பட்டது. இது தனிக் கதை. இதை இங்கே நீட்டவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது ட்ரோன் கணக்கு. மார்க் டிட்மர் என்ற ஆய்வாளரும் அதே மினசோட்டா குழுவினரும், கழுத்துப்பட்டையும் மார்புக்கருவியும் உள்ள கருங்கரடிகளின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டுப் பார்த்து, 2015-இல் 'கரண்ட் பயாலஜி' இதழில் எழுதினார்கள். பெரும்பாலான சமயம் கரடிகள் இருந்த இடத்தைவிட்டுப் பெரிதாக நகரவில்லை. தரையிலிருந்து பார்த்தால் 'ட்ரோனை அது சட்டை செய்யவே இல்லை' என்று முடிவு எழுதியிருக்கலாம். ஆனால் உள்ளே இதயம் ஏறியிருந்தது. ஒரு தருணத்தில் வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 123 துடிப்புகள் அதிகம். குளிர்கால உறக்கத்துக்குக் குகை புகுந்த கரடிக்கும் ஏறியது. பிறகு, அடைப்பில் இருந்த கரடிகளின்மேல் அடிக்கடி பறக்கவிட்டுப் பார்த்தபோது சில வாரத்தில் அவற்றுக்குப் பழகிவிட்டது என்பதையும் அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே 'ட்ரோன் கூடவே கூடாது' என்று கூச்சலிட இதில் ஆதாரம் இல்லை. அசையாத விலங்கு அமைதியான விலங்கு என்ற நம் பழைய கணக்கு தப்பு என்பதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது.

கல்வராயன் மலை ட்ரோனுக்குப் புதிதல்ல. சாராய ஊறலைத் தேடிப் போலீஸ் ட்ரோன் பறந்த மலை இது. அருவியை மேலிருந்து படமெடுக்க வருகிற இளைஞர்கள் கையிலும் இப்போது ஒன்று இருக்கிறது. அதிகாரம் இருக்கிறவர் பறக்கவிட்டாலும் ஆசைக்காகப் பறக்கவிட்டாலும் கீழே புதரில் கிடக்கிற விலங்குக்குச் சத்தம் ஒன்றுதான்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் கரடி மினசோட்டாக் கரடி இல்லை.

நம் காடுகளில் இருப்பது கறையானும் எறும்பும் தேனும் பழமும் தின்கிற கரடி. மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் புற்றுக்குள்ளிருந்து கறையானை உறிஞ்சுகிறது. மூக்குத் துளையை மூடிக்கொள்ளும். உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். குட்டிகளை முதுகில் சுமந்து திரிகிற கரடி இதுதான். முதுமலையில் இதன் எச்சத்தை ஆராய்ந்தவர்கள் கொன்றைப் பழத்தையும் நறுவிலிப் பழத்தையும் கண்டார்கள். கறையான் தின்னும் விலங்குகள் பொதுவாகச் சிக்கனக்காரர்கள். இதுவும் தன் எடைக்குக் குறைவாகவே சக்தியைச் செலவழிக்கும். குளிர்கால உறக்கம் கிடையாது. குட்டி போட்ட தாய்மட்டும் சில வாரம் குகைக்குள் முடங்கிக் கிடக்கும்.

இந்தக் கரடியைக் கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்ந்தவர்களில் அதே டேவிட் கார்ஷெலிஸும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1990-களின் தொடக்கத்தில் அனுப் ஜோஷி, ஜேம்ஸ் ஸ்மித் ஆகியோரோடு சேர்ந்து நேபாளத்தின் சித்வன் காட்டில் அவர் ரேடியோ பட்டை கட்டினார். பிறகு மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் கே. யோகானந்த், நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங்கின் வழிகாட்டலில், டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்துக்காக அந்த வேலையைச் செய்தார். அந்தப் பட்டைகள் இதயத்தைக் கேட்கவில்லை. நடமாட்டத்தைக் கேட்டன, அதுவே நிறையச் சொன்னது. சித்வனில் மற்றக் கரடிகள் ராத்திரியில் அலைய, குட்டியோடு இருக்கும் தாய் மட்டும் பகலில் வெளியே வந்தது. புலியும் பிற கரடியும் அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து அது வந்தது என்று ஆய்வாளர்கள் பொருள் கொண்டார்கள். பகலில் குட்டியைச் சுமந்துகொண்டு எதிர்ப்படும் கரடிக்கு 'வெறி' என்று நாம் பேர் வைத்திருக்கிறோம். அது தன் குட்டிக்குப் பயந்து நேரத்தை மாற்றிக்கொண்ட கரடி.

நம் கரடி ஏன் தாக்குகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அமெரிக்கக் கருங்கரடி ஆபத்து என்றால் மரமேறிவிடும். நம் கரடி புலியோடு வளர்ந்தது. சிறுத்தையோ மரமே ஏறிவரும். ஓடித் தப்புவது அதற்குத் தோதான வழி இல்லை. நெருங்கிவிட்ட எதையும் முந்திக்கொண்டு அடித்துவிட்டுப் போவதுதான் அது கற்ற வித்தை. புற்றுக்குள் தலையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அதன் காதில் அதன் சத்தமே நிறைந்திருக்கும். நாம் பத்தடி தூரத்தில் சத்தமில்லாமல் போய் நிற்கிறோம். 'சும்மா இருந்த கரடி திடீர்னு பாஞ்சிருச்சு' என்று காயம்பட்டவர் சொல்வது பொய்யில்லை; அவர் கண்ணுக்கு அது சும்மாத்தான் இருந்தது. பெரியவர் வளைவில் கனைத்ததன் அர்த்தம் எனக்கு டீக்கடையில்தான் உறைத்தது.

கரடியோடு நமக்கு இருக்கிற உறவே விசித்திரமானது. சிவபூஜையில் கரடி புகுந்தது என்று பழமொழி சொல்கிறோம். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் நிஜமாகவே கோயிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது. மூக்கில் கயிறு போட்டு ஆட்டிவந்த வித்தைக்காரரிடம் முடி வாங்கித் தாயத்தில் வைத்துக் குழந்தைகளுக்குக் கட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. கலந்தர் சமூகத்தாரிடம் இருந்த கடைசி ஆட்டக் கரடி மீட்கப்பட்டது 2009 டிசம்பரில்தான். பயம் போக அதன் முடியைக் கட்டினோம். அதற்கும் பயம் இருக்கும் என்று ஏனோ தோன்றவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். கல்வராயன் கரடிக்கும் இந்தக் கருவியை வைக்கலாமா? கல்லூரிப் பிள்ளைகளும் இயற்கை ஆர்வலர்களும் உற்சாகமாகக் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம்: அவசரம் வேண்டாம்.

கருவி வைப்பது என்றால் காட்டு விலங்கை மயக்கிக் கீறித் தைக்க வேண்டும். மினசோட்டாவிலேயே சில கரடிகளின் உடம்பு கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிட்டது. அங்கே ஆய்வாளர்கள் குகையை நெருங்கும்போதே உள்ளே இதயம் ஏறத் தொடங்கியதையும் அதே கருவிதான் காட்டிக்கொடுத்தது. அளக்கப் போகிறவரே அளவைக் கூட்டிவிடுகிறார். நம் பக்கம் மயக்க ஊசி என்பது பெரும்பாலும் கூட்டமும் கூச்சலுமாகக் கடைசி நேரத்தில் நடப்பது. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே மூன்று பேரைத் தாக்கிய கரடியை ஊசி போட்டுப் பிடித்துக் களக்காட்டுக் காட்டில் விட்டார்கள். அது சீக்கிரமே இறந்துபோனது. எது காரணம் என்று வாதாட நான் வரவில்லை. துரத்தல், கூட்டம், மருந்து, கூண்டு, லாரி என்று ஒரே நாளில் ஒரு இதயம் தாங்க வேண்டியது எவ்வளவு என்பதை மட்டும் யோசித்துப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை காசு குறைந்தவை. எந்தப் பள்ளத்தில் கரடி நடக்கிறது, எந்த மாதத்தில் நடக்கிறது என்று தானியங்கிக் கேமராக்கள் சொல்லும். எதைத் தின்கிறது என்று எச்சம் சொல்லும். பலா பழுக்கும் மாதத்தில் தோப்புக்குள் எந்த நேரத்தில் வருகிறது என்று மலை ஊர்களில் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். இந்தக் கணக்கு கையில் இல்லாமல் இதயத்தைக் கேட்டால், கோடு ஏறுவதும் இறங்குவதும் தெரியும். எதற்கு என்று தெரியாது.

ரெண்டு மாதம் கழித்து மறுபடி மலைக்குப் போனபோது, கருவியையும் மினசோட்டாவையும் பற்றிப் பெரியவரிடம் விலாவாரியாகச் சொன்னேன். போனில் படமும் காட்டினேன். பலாக்கொட்டையை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். 9 துடிப்புக்கோ 123-க்கோ அவர் ஆச்சரியப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெச்சது சரி தம்பி. திரும்ப எடுக்க யாரு போறது?"

அங்கே கரடி குளிருக்கு மாதக்கணக்கில் குகையில் தூங்கும், அப்போது போய் எடுப்பார்கள் என்றேன்.

"நம்ம கரடி தூங்காதே," என்றார். உரித்த கொட்டைகளைக் கூடையில் போட்டுவிட்டு, வெயில் சாயுமுன் தோப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். வேலி தாண்டிப் பாதையில் இறங்கியதும் ரெண்டு தடவை பலமாகக் கனைக்கிற சத்தம் கேட்டது.